நூறு நானோமீட்டர் ஜன்னல்: திரவங்களுக்கான பாய்வுக் கலம் வாங்கலாமா?

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய எஃகுக் கட்டி. பின்பக்கம் இரண்டு மெல்லிய குழாய்கள். ஒன்றில் திரவம் உள்ளே வரும், மற்றதில் வெளியே போகும். முன்பக்கம் அரை மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு ஜன்னல். அதில் பதித்திருப்பது சிலிக்கான் நைட்ரைடு சவ்வு, தடிமன் 100 நானோமீட்டர். சவ்வின் ஒருபுறம் வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் ஓடுகிறது, மறுபுறம் வெற்றிடம். இந்தக் கலத்தை மூன்று சுற்றுகளில், மொத்தம் பதினாறு நாட்கள், சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு வலிமையான எக்ஸ் கதிரை உண்டாக்கும் நிலையம்) கற்றையின் முன் வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். புதிதாக வாங்க நினைக்கும் மாணவர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலோக உப்புக் கரைசல்களை ஆராய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். தண்ணீரின் ஆக்சிஜனையே அளக்க விரும்புபவர்கள் ஒற்றை ஜன்னல் கலத்தை நம்பி இறங்க வேண்டாம். நைட்ரஜன் உள்ள மூலக்கூறுதான் உங்கள் பொருள் என்றால் வேறு வழி பாருங்கள். விற்பவர்கள் பலர், சொந்தப் பட்டறையிலேயே கடைந்துகொள்பவர்களும் உண்டு, வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே நான் சொல்வது இந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

இப்படி ஒரு ஜன்னல் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. அணுவின் உட்கூட்டில் இருக்கும் எலக்ட்ரானை எக்ஸ் கதிரால் தட்டி எழுப்பினால், அது மேலே காலியாக இருக்கும் ஆர்பிட்டாலுக்கு, அதாவது எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடத்துக்கு, தாவும். எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் உட்கவரப்படுகிறது என்று வரைந்தால், அந்தக் காலி இடங்களின் படம் கிடைக்கும். உட்கூட்டில் விழுந்த பள்ளத்தை நிரப்ப வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று இறங்கும்போது உமிழப்படும் கதிரைப் பிரித்துப் பார்த்தால், நிரம்பிய ஆர்பிட்டால்களின் படம் கிடைக்கும். இதன் பெரிய வசதி, ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்று ஓர் ஆற்றல் இருப்பது. தண்ணீரின் ஆக்சிஜன் 535 எலக்ட்ரான்வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) அருகே விழித்துக்கொள்ளும், இரும்பு 707 முதல் 720 வரை. ஒரே குவளையில் கலந்திருக்கும் இரண்டையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ராமன் 1928இல் திரவங்களில் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் கொண்டு கண்டதன் எக்ஸ் கதிர் வடிவத்தையும், அதாவது ஒத்ததிர்வு முறையில் ஆற்றல் இழந்து சிதறும் கதிரையும், இதே கலத்தில் அளக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இந்த ஆற்றலில் கதிர் காற்றிலேயே வெகுதூரம் போகாது. எனவே வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீரை வைத்தால் கொதித்து ஆவியாகும், ஆவியாகும்போதே உறையவும் செய்யும். 20 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 23 மில்லிபார், கற்றைக்குழாயோ அதைவிடப் பல கோடி மடங்கு சுத்தமான வெற்றிடத்தைக் கேட்கும். இரண்டையும் பிரிக்க ஒரு சுவர் தேவை. அந்தச் சுவர் கதிரை உள்ளே விட வேண்டும், ஒரு வளிமண்டல அழுத்தத்தையும் தாங்க வேண்டும். நூறு நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு இரண்டையும் செய்கிறது. இத்தனை மெல்லிய ஒரு பொருள் இவ்வளவு தாங்குவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஜன்னலைப் பொருத்தும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வெற்றி தோல்வி அங்கேதான் தீர்மானமாகிறது. சவ்வு ஒரு சிறிய சிலிக்கான் சட்டத்தின் நடுவே வரும். சட்டத்தை இடுக்கியால் ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். நுண்ணோக்கியின் அடியில் சாய்த்து வெளிச்சம் விட்டால் சவ்வு ஒரே சீரான நிறத்தில் மின்னும். நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் ஏதோ படிந்திருக்கிறது என்று பொருள். கலத்தின் பள்ளத்தில் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம், அதன்மேல் சட்டம், அதன்மேல் மூடித் தகடு, நான்கு திருகுகள். இந்தத் திருகுகளை எதிரெதிராகக் கால் சுற்றுக் கால் சுற்றாக முடுக்க வேண்டும். ஒரு மூலையை முதலில் இறுக்கினால் சட்டம் வளையும், சவ்வில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் நள்ளிரவில் விரிசலாகும். முதல் சுற்றில் பெட்டியில் வந்த பத்து ஜன்னல்களில் மூன்றைப் பொருத்தும்போதே இழந்தேன். கையேட்டில் "சமமாக முடுக்கவும்" என்ற ஒரு வரிதான் இருந்தது. எவ்வளவு முறுக்கு விசை, எந்த வரிசை என்று ஒரு படம் போட்டிருந்தால் அந்த மூன்றும் பிழைத்திருக்கும். இது நான் விற்பவர்மேல் வைக்கும் முதல் குறை.

கற்றைக்குழாயோடு இணைக்கும் முன், வேறொரு சிறிய வெற்றிட அறையில் கலத்தை வைத்து, திரவத்தையும் ஓடவிட்டு, ஓர் இரவு முழுவதும் காத்திருந்து பாருங்கள். சவ்வு கற்றைக்குழாயில் உடைந்தால் தண்ணீர் எங்கே போகும் என்பதை நினைத்துப் பார்த்தாலே இந்த ஓர் இரவின் அருமை புரியும். இரண்டாம் சுற்றில் எங்களுக்கு அது நேர்ந்தது. விடிகாலை மூன்றரை மணி, வெற்றிட மானியின் முள் சட்டென்று எகிறியது, அவசர வால்வு தானாக மூடிக்கொண்டது. கற்றை வரும் வழியில் இருக்கும் ஆடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அறையைக் காயவைத்து மீண்டும் வெற்றிடம் எட்ட ஒரு முழுப் பகல் போயிற்று. கற்றை நேரத்துக்காக ஆறு மாதம் காத்திருந்தவர்களுக்கு ஒரு பகல் என்பது சிறிய இழப்பு இல்லை. வேகமாக மூடும் வால்வு இல்லாத இடத்தில் இந்தக் கலத்தைப் பொருத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி நல்லவை. ஃபெர்ரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசலை அளந்தபோதுதான் இந்தக் கலத்தின் அருமை எனக்குப் புரிந்தது. வழக்கமாகச் செய்வது, கரைசலிலிருந்து வெளிவரும் ஒளிர்வு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவது. அப்படி எண்ணியபோது இரும்பின் உச்சிகள் வர வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் வந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று இரண்டு மணி நேரம் கம்பிகளைத் தேடினோம். கெடவில்லை. இரும்பு கதிரை விழுங்கும்போது, சுற்றியிருக்கும் தண்ணீரின் ஆக்சிஜனுக்குக் கிடைக்கும் கதிர் குறைகிறது, ஆக்சிஜனின் ஒளிர்வும் குறைகிறது. ஆக்சிஜன்தான் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால் மொத்தக் கணக்கில் அது பள்ளமாகத் தெரிகிறது.

இந்தக் குறையையே வழியாக்கிக்கொள்ளலாம். ஆற்றலைப் பிரித்தறியும் சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர் ஒன்றைக் கலத்துக்கு எதிரே வைத்தோம். அதில் 525 எலக்ட்ரான்வோல்ட் அருகே வரும் ஆக்சிஜன் ஒளிர்வும், 705 அருகே வரும் இரும்பு ஒளிர்வும் தனித்தனி மேடுகளாகப் பிரிந்து நிற்கும். ஆக்சிஜன் மேட்டை மட்டும் எடுத்து, இரும்பின் விளிம்பு வழியாக (விளிம்பு என்பது ஒரு தனிமம் கதிரை உட்கவரத் தொடங்கும் ஆற்றல்) கற்றையின் ஆற்றலை நகர்த்தி, கிடைத்த எண்களைத் தலைகீழாக்கினால், இரும்பின் உட்கவர்தல் சிதைவு இல்லாமல் கிடைக்கிறது. தலைகீழ்ப் பகுதி ஒளிர்வு என்ற இந்த முறையை 2011இல் அச்கர் குழுவினர் விளக்கியிருந்தார்கள். ஆக்சிஜனின் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கி, திரையில் அதைக் கவிழ்த்ததும் இரும்பின் இரண்டு விளிம்புகளும் தம் பிளவுகளோடு எழுந்து நின்ற அந்த நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். தண்ணீர் நிறைந்த கலம் என்பதே இங்கே சாதகமாகிறது; ஆக்சிஜன் எப்போதும் அருகிலேயே இருக்கிறதே. இந்த ஒரு வேலைக்காக மட்டும் என்றாலும் கலத்தை வாங்கலாம்.

ஆனால் பம்பை நிறுத்தக் கூடாது. குழாயில் காற்றுக்குமிழி ஒன்று சிக்கியதால் பத்து நிமிடம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கற்றையை மூட மறந்துவிட்டோம். மீண்டும் அளந்தபோது இரும்பின் பிரதான உச்சிக்கு முன்னால், குறைந்த ஆற்றல் பக்கம், ஒரு தோள் முளைத்திருந்தது. ஃபெர்ரிக் அயனிகள் கதிரின் விளைவாக ஆளுக்கோர் எலக்ட்ரானைப் பெற்று ஃபெர்ரஸ் ஆகியிருந்தன. கதிர் தண்ணீரைப் பிளந்து உண்டாக்கும் எலக்ட்ரான்களும் ரேடிக்கல்களும் செய்யும் வேலை இது. கலத்தைக் கழற்றிப் பார்த்தபோது சவ்வின் உட்புறத்தில், கற்றை பட்ட இடத்தில் மட்டும், பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி. புதிய திரவம் ஓடிக்கொண்டே இருந்தால் கரைசல் பிழைக்கும், ஆனால் சவ்வில் ஒட்டிக்கொண்டது நகராது. அதனால் இப்போது ஒவ்வொரு மணிக்கும் கற்றையை ஜன்னலின் வேறொரு மூலைக்கு நகர்த்துகிறோம். அரை மில்லிமீட்டர் ஜன்னலில் கற்றை சிறியதாக இருந்தால் இதற்கு இடம் தாராளம்.

ஆக்சிஜன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் கலம் ஏமாற்றும். 540 எலக்ட்ரான்வோல்ட் அருகே தண்ணீருக்குள் கதிர் ஒரு மைக்ரோமீட்டர்கூடப் போவதில்லை. கலத்தில் ஓடும் திரவமோ அதைவிட நூறு மடங்கு ஆழமானது. வந்த கதிர் முழுவதும் எப்படியும் உட்கவரப்படும் என்றால், அதிகம் உட்கவரும் ஆற்றலுக்கும் குறைவாக உட்கவரும் ஆற்றலுக்கும் ஒளிர்வில் வேறுபாடு மங்கிவிடும். உயரமான உச்சி தட்டையாகும், சிறிய உச்சி பெரிதாகத் தோன்றும். 535 அருகே வரும் முன்விளிம்பு, 537 அருகே வரும் பிரதான விளிம்பு, 541 அருகே வரும் பின்விளிம்பு, இந்த மூன்றின் உயர விகிதத்தைக் கொண்டுதான் தண்ணீரில் ஹைட்ரஜன் பிணைப்புகள் எப்படி இருக்கின்றன என்று வாதிடுகிறோம். விகிதமே கெட்டுப்போனால் வாதத்துக்கு அடித்தளம் ஏது? முதல் சுற்றில் நாங்கள் அளந்த தண்ணீர் நிறமாலை பார்க்க அழகாகவே இருந்தது. முன்விளிம்பு இருக்க வேண்டியதைவிட உயரமாக இருந்ததை, வேறு முறையில் அளந்த வளைவோடு ஒப்பிட்டபோதுதான் கண்டுகொண்டேன். அழகாக இருக்கும் வளைவு சரியான வளைவு என்று நம்பி ஒரு கட்டுரைக்கே படம் தயாரித்திருந்தேன். அதைக் கிழித்துப்போட்டேன்.

இந்த விகிதத்தில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு 2004ஆம் ஆண்டு சாட்சி. வெர்னட் குழுவினர் சயன்ஸ் இதழில், தண்ணீரின் பெரும்பாலான மூலக்கூறுகள் வலுவான இரண்டே ஹைட்ரஜன் பிணைப்புகளில் நிற்கின்றன என்று எழுதினார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு பிணைந்திருக்கிறது என்று பாடநூல்கள் சொல்லிவந்த நான்முகிப் படத்தை அது அசைத்தது. அதே ஆண்டு அதே இதழில் ஸ்மித், சேக்கலி குழுவினர் நுண்தாரையில் (வெற்றிடத்துக்குள் நூல்போல் பாயும் திரவம்) குளிர்ந்த தண்ணீரை அளந்து, நான்முகிப் படத்தைக் கைவிடத் தேவையில்லை என்றார்கள். 2008இல் ஃபுக்ஸ் குழுவினரும் டோகுஷிமா குழுவினரும் தண்ணீர் உமிழும் கதிரில், ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இணையிலிருந்து வரும் உச்சி இரண்டாகப் பிளந்திருப்பதைக் காட்டினார்கள். தண்ணீரில் இரண்டு வகை அமைப்புகள் கலந்திருப்பதால் பிளவு என்றது ஒரு பக்கம். உட்கூட்டுப் பள்ளம் நிரம்புவதற்கு ஆகும் நான்கு ஃபெம்டோநொடிக்குள்ளேயே (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஹைட்ரஜன் நகர்ந்துவிடுவதால் பிளவு என்றது மறுபக்கம். ஹைட்ரஜனுக்குப் பதில் அதைவிடக் கனமான டியூட்டீரியம் உள்ள கனநீரில் பிளவின் உயரங்கள் மாறுவது இரண்டாவது கட்சிக்கு வலுச் சேர்த்தது. 2024இல் ஃபெம்டோநொடியைவிடவும் ஆயிரம் மடங்கு சிறிய அட்டோநொடி அளவிலான துடிப்புகளைக் கொண்டு திரவத் தண்ணீரை அளந்த குழுவினர், அணுக்கள் நகர நேரமே இல்லாத அளவில் பார்த்து, பிளவுக்குக் காரணம் இயக்கம்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். பதினாறு ஆண்டுகள் நடந்த வாதம். தண்ணீரைப் பற்றி இவ்வளவு உழைத்த பிறகும் இன்னும் கேள்விகள் மிச்சம் இருப்பதுதான் என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்திருக்கிறது.

ஜன்னலே வேண்டாம் என்பவர்களின் வழி நுண்தாரை. 1988இல் ஃபௌபெலும் கூட்டாளிகளும் காட்டிய வழி அது. இருபது மைக்ரோமீட்டர் வாயுள்ள கண்ணாடி நாசிலில் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை அழுத்தினால், நொடிக்கு ஐம்பது மீட்டர் வேகத்தில் ஒரு நூல்போல் வெற்றிடத்துக்குள் பாயும். ஆவியாகிக் கெடுவதற்கு முன் கற்றையைக் கடந்துவிடும். சவ்வு இல்லை, படிவு இல்லை, ஒவ்வொரு கணமும் புதிய திரவம். எலக்ட்ரான்களை நேரடியாகப் பிடித்து அளக்க வேண்டும் என்றால் இதுதான் வழி, சவ்வு எலக்ட்ரான்களை வெளியே விடாது. நண்பர் ஒருவருடைய தாரை அமைப்பில் நான்கு இரவுகள் உதவியிருக்கிறேன். தாரை போய் விழும் குளிர்ப்பொறி திரவ நைட்ரஜனால் குளிரூட்டப்பட்டது. விழுந்த இடத்தில் பனி முளைவிட்டு, ஊசியாகி, தாரையைப் பற்றிக்கொண்டே மேல்நோக்கி நாசிலைத் தேடி வரும். கண்ணாடிக் காட்சித்துளை வழியாக அதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நாசிலைத் தொட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. தவிர, தாரையைச் சூழ்ந்து எப்போதும் ஆவி இருக்கும். 534இலும் 536இலும் ஆவியின் கூர்மையான உச்சிகள் திரவத்தின் முன்விளிம்போடு கலந்து நிற்கும், கழித்தாக வேண்டும். ஆவியாவதால் தாரை குளிர்ந்துகொண்டே போகும், அதன் வெப்பநிலை என்ன என்று கேட்டால் பதில் சொல்வது எளிதில்லை. கலத்தில் ஆவியும் இல்லை, வெப்பநிலையும் என் கையில். எஃகுக் கட்டிக்குப் பின்னால் ஒரு சிறு சூடேற்றியும் வெப்பநிலை உணரியும் வைத்தால் அறை வெப்பநிலையிலிருந்து 70 டிகிரி வரை நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறது.

நைட்ரஜனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சவ்வே நைட்ரைடு. நைட்ரஜனின் விளிம்பு 400 எலக்ட்ரான்வோல்ட் அருகே. அமினோ அமிலக் கரைசலை ஜன்னல் வழியாக அளந்தால், கரைசலின் சிறு குரலை ஜன்னலின் பெருங்குரல் அமுக்கிவிடும். விற்பனைக் குறிப்பில் "எல்லா மென் எக்ஸ் கதிர் விளிம்புகளுக்கும் ஏற்றது" என்று அச்சிட்டிருந்தார்கள். அது தவறு, நேரடியாக எழுதிக் கேட்டேன். திருத்துவதாகப் பதில் வந்தது. ஓராண்டாகியும் குறிப்பு மாறவில்லை. உடைந்த ஜன்னல்களுக்குப் பதில் அனுப்புவதில் மட்டும் குறை சொல்ல முடியாது, கேட்ட வாரத்திலேயே வந்து சேர்ந்தன.

ஆற்றல் மிகுந்த வன் எக்ஸ் கதிரைப் பயன்படுத்துபவர்களுக்கு இத்தனை பாடும் இல்லை. இரும்பின் ஆக உள்ளே இருக்கும் கூட்டின் விளிம்பு 7112 எலக்ட்ரான்வோல்ட். அங்கே கதிர் தண்ணீரில் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகும், சாதாரணப் பிளாஸ்டிக் படலமே ஜன்னலாகப் போதும், வெற்றிடமும் கட்டாயமில்லை. ஆனால் இரும்பின் இணைதிறன் எலக்ட்ரான்களை நேராகத் தொடும் விளிம்பு 707இல்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மெல்லிய சவ்வோடு மல்லுக்கட்டுகிறோம்.

மூன்றாம் சுற்றுக்கு வரும்போது சில பழக்கங்கள் படிந்துவிட்டன. திரவம் ஊற்றுவதற்கு முன் வெறும் ஜன்னலை முழு ஆற்றல் வரம்பிலும் ஒருமுறை அளந்து வைக்கிறேன். சவ்வின் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு எப்போதும் இருக்கும், அதுவும் ஆக்சிஜன்தான், அதன் பங்கு எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். கரைசலை அரை மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, காற்று நீக்கி, பிறகே பம்பில் ஏற்றுகிறேன். குமிழிச் சிக்கல் அதோடு போயிற்று. கற்றையின் மூடியும் பம்பும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. ஓட்டம் நின்றால் மூடி தானே விழும்.

தண்ணீரின் ஆக்சிஜனுக்காக இரண்டு சவ்வுக் கலம் ஒன்றைக் கடையக் கொடுத்திருக்கிறேன். இரு சவ்வுகளுக்கு நடுவே ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான திரவப் படலம், கதிர் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவரும், உட்கவர்தலை நேரடியாகவே அளந்துவிடலாம். நாகசாகாவும் கொசுகியும் ஜப்பானின் யுவிஎஸ்ஓஆர் சிங்க்ரோட்ரான் நிலையத்தில் இப்படிச் செய்து, சுற்றியுள்ள ஹீலியத்தின் அழுத்தத்தை மாற்றியே படலத்தின் தடிமனைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய ஒற்றை ஜன்னல் கலம் அடுத்த மாதம் ஒரு மாணவியின் கோபால்ட் கரைசலுக்குப் போகிறது. அவளுக்காக மூடித் தகட்டின் நான்கு திருகுகளுக்கும் பக்கத்தில் ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்று முடுக்கும் வரிசையைப் பொறித்து வைத்திருக்கிறேன்.